கச்சையை இழந்த அரசி

படக்கதை என்ற சொல்லைக் கேட்டதும், சிறுவர் படித்துவிட்டு மூலையில் எறியும் தாள்தானே என்று எண்ணுவோர் இன்றும் நம்மிடையே பலர் உளர். தமிழகத்துக்கு வெளியே, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நம் குடும்பங்களில் இந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்து சேர்கின்றன. அவற்றினின்று பிறந்த திரைப்படங்களோ பல மொழிகளிலும் வருகின்றன. பிள்ளைகள் அவற்றில் வரும் வீரர்களின் பெயர்களை நமக்கு ஒப்பிக்கிறார்கள். நாமும் சரி, சரி என்று தலையசைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். அப்பெயர்களுள் சில ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை உடையவை என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

அத்தகைய பெயர்களுள் ஒன்று ஹிப்பாலிட்டா. அமெரிக்கப் படக்கதை உலகில் வொண்டர் வுமன் என்னும் வீராங்கனை பெரும்புகழ் உடையவள். டயானா என்பது அவள் இயற்பெயர். அவளுடைய தாய்தான் ஹிப்பாலிட்டா. அமேசான்கள் எனப்படும் போர்மகளிரின் அரசி. கதையில் அவள் தலைவி அல்லள், துணைப் பாத்திரமே. தொடக்கத்தில் மகளுக்கு விடை கொடுப்பாள். இடையில் சில வேளைகளில் தோன்றி அறிவுரை கூறுவாள். மகள் திரும்பி வருங்கால் வரவேற்பாள். ஆனால் கிரேக்கப் பழங்கதையிலிருந்து நேராக வந்தவள் மகள் அல்லள், தாயே. டயானா 1941ஆம் ஆண்டில் புதிதாகப் படைக்கப்பட்ட பாத்திரம். ஹிப்பாலிட்டாவோ கிரேக்கரின் காவியத்திலும் சிற்பத்திலும் முன்னரே இடம் பெற்றவள். பழங்கதையில் தோற்று மடிந்த ஓர் அரசி படக்கதையில் எவ்வாறு உயிர்பெற்றுத் தாயானாள், அம்மாற்றத்தால் கதைக்கு விளைந்த பயன் யாது என்பதை இன்று காண்போம்.

முதலில் கிரேக்கரிடம் செல்வோம். கருங்கடலின் தென்கரையில், இன்று துருக்கி நாட்டைச் சேர்ந்த பகுதியில், தெர்மோடன் என்றோர் ஆறு கடலில் கலக்கின்றது. அதன் கழிமுகத்தருகே தெமிஸ்கைரா என்னும் இடத்தில் அமேசான்கள் வாழ்ந்தனர் என்பது கிரேக்கர் கொள்கை. அவர்கள் குதிரையேற்றத்திலும் வில்வித்தையிலும் வல்லவர்கள். ஆடவர் ஆட்சிக்கு அடங்காதவர்கள். ஹோமரின் இலியட் காவியம் அவர்களை ஆடவர்க்கு நிகரானவர்கள் என்ற அடைமொழியால் குறிக்கின்றது. அவர்களுடைய அரசியின் பெயரில் குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், அவிழ்த்துவிடுதலைக் குறிக்கும் சொல்லும் அடங்கியுள்ளன. அமேசான்கள் அனைவரிலும் அவளே முதன்மையானவள் என்பதற்கு அடையாளமாகப் போர்த்தெய்வம் ஏரீஸ் அவளுக்கு ஒரு கச்சையை அளித்திருந்தான். அது ஒட்டியாணம் போன்ற அழகணி அன்று. தலைமையின் சின்னமாக அவள் இடையில் கட்டிய கச்சை.

யூரிஸ்தியஸ் என்னும் அரசன் ஹெர்க்குலிஸுக்குப் பன்னிரண்டு அரும்பணிகளை விதித்தான். அவற்றுள் ஒன்பதாவது, இந்தக் கச்சையைக் கொண்டுவருவது. அரசனின் மகள் அட்மீட்டிக்கு அதன்மேல் ஆசை பிறந்ததே காரணம். அப்பொல்லோடோரஸ் என்பவர் பெயரால் வழங்கும் தொகுப்பு நூல் நிகழ்ச்சியைப் பின்வருமாறு கூறுகின்றது. ஹெர்க்குலிஸ் கரையோரம் கப்பலை நிறுத்தினான். ஹிப்பாலிட்டா தானே வந்து, அவன் வந்த காரியம் யாது என்று வினவினாள். கேட்டறிந்ததும் கச்சையைத் தருவதாக வாக்களித்தாள். அத்துடன் கதை இனிதே முடிந்திருக்கலாம். ஆனால் ஹெர்க்குலிஸ்மீது தீராப் பகை கொண்ட ஹீரா தேவி, ஓர் அமேசான் பெண்ணின் வடிவெடுத்துக் கூட்டத்தினுள் புகுந்தாள். வந்திருக்கும் அயலார் அரசியைக் கவர்ந்து செல்கின்றனர் என்று பொய் பரப்பினாள். அமேசான்கள் படைக்கலம் ஏந்திக் குதிரைகள்மீது விரைந்து வந்தனர். அதைக் கண்ட ஹெர்க்குலிஸ், இஃது அரசியின் வஞ்சனை என்று எண்ணி அவளைக் கொன்றான், கச்சையை எடுத்துக்கொண்டான், மற்றவர்களோடு பொருதுவிட்டுக் கப்பலேறினான்.

இக்கதையில் ஹிப்பாலிட்டா செய்த பிழை யாது? ஒன்றும் இல்லை. வந்தவனை வினவினாள், கேட்டதைக் கொடுக்க இசைந்தாள். வஞ்சித்தவள் ஹீரா, ஆராயாமல் கொன்றவன் ஹெர்க்குலிஸ். ஆயினும் கதை அவளுக்காக நின்று ஒரு சொல் வருந்துவதில்லை. வீரனைப் பின்பற்றி அடுத்த பணிக்குச் சென்றுவிடுகின்றது. கச்சை ஒரு பரிசுப்பொருள். அதனை உடையவள் வழியில் நின்ற ஒரு தடை. இவ்வளவே அவளுக்கு அங்குக் கிடைத்த இடம்.

வேறு வழக்குகளும் உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பொல்லோனியஸ் இயற்றிய காவியத்தில், ஹெர்க்குலிஸ் அரசியின் உடன்பிறந்தாள் மெலனிப்பியைச் சிறைபிடிக்கின்றான். ஹிப்பாலிட்டா கச்சையை ஈடாகக் கொடுத்து அவளை மீட்கின்றாள். ஏதென்ஸ் அரசன் தீசியஸ் ஓர் அமேசான் பெண்ணைக் கொணர்ந்தான் என்பது இன்னொரு கதை. அவள் பெயரைச் சிலர் அந்தியோப்பி என்பர். சிலர் ஹிப்பாலிட்டா என்பர். அவள் மகன் ஹிப்பாலிட்டஸைத் தலைவனாக வைத்து யூரிப்பிடீஸ் எழுதிய நாடகம் கி.மு. 428இல் அரங்கேறியது. அந்நாடகத்தில் தாய் மேடைக்கு வருவதே இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1590களில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் ஹிப்பாலிட்டா தீசியஸின் மணமகளாக வருகின்றாள். வாளால் வென்றவன் மணநாளைக் குறிக்கின்றான். முதற்காட்சியில் அவள் பேசும் சொற்கள் மிகச் சில. ஆக, ஒரு கதையில் கொல்லப்படுகின்றாள்; ஒன்றில் ஈடு கொடுக்கின்றாள்; மற்றொன்றில் மணம் செய்விக்கப்படுகின்றாள். எதிலும் கதை அவள் பக்கத்திலிருந்து சொல்லப்படவில்லை.

சிற்பிகளும் இதையே செய்தனர். ஒலிம்பியாவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜீயஸ் கோயிலில் ஹெர்க்குலிஸின் பன்னிரண்டு பணிகளும் பன்னிரண்டு பலகைகளில் செதுக்கப்பட்டன. அமேசான் அரசியோடு பொருததும் அவற்றுள் ஒன்று. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் மேற்குப் பக்கத்துப் பலகைகள் அமேசான் போரைக் காட்டுகின்றன. பாசே என்னும் இடத்து அப்பொல்லோ கோயிலின் சிற்ப வரிசையிலும் அப்போர் உண்டு. அவ்வரிசை இன்று இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. குதிரையிலிருந்து வீழும் பெண், கூந்தல் பற்றி இழுக்கப்படும் பெண், மண்டியிட்டுக் கை தூக்கும் பெண் என்று அச்சிற்பங்களில் காண்கின்றோம். அமேசான்கள் எத்துணை வீரமுடையவராகக் காட்டப்பட்டாலும், அவ்வீரம் அவர்களை வென்ற கிரேக்கரின் பெருமையை உயர்த்துவதற்கே பயன்பட்டது. அல்லி அரசாணி மாலையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்போக்குப் புதிதாகத் தோன்றாது. ஆடவரை அண்டவிடாமல் ஆண்ட அல்லியையும் அருச்சுனன் மாறுவேடத்தாலும் சூழ்ச்சியாலும் மணந்தான் என்பதன்றோ அந்தக் கதை!

இந்த அமேசான்கள் வெறுங்கற்பனையோ என்று கேட்கலாம். கதையில் வருகின்ற நகரும் அரசியும் இருந்தமைக்குச் சான்று இல்லை. ஆனால் கருங்கடலுக்கு வடக்கே பரந்து கிடக்கும் புல்வெளிகளில் சித்தியர் முதலிய நாடோடி மக்கள் வாழ்ந்தனர். அவர்களுடைய கல்லறை மேடுகளை அகழ்ந்தபோது, வில்லும் அம்பும் ஈட்டியும் உடன் வைத்துப் புதைக்கப்பட்ட பெண்களின் எலும்புகள் பல இடங்களில் கிடைத்தன. 2019இல் இரஷ்யாவின் வரோனெஷ் பகுதியில் ஒரே மேட்டில் நான்கு பெண்கள் படைக்கலங்களோடு புதைக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. அவர்களுள் ஒருத்தி பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. ஒருத்தி ஐம்பதை நெருங்கிய முதியவள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் அமேசான்களைச் சித்தியரோடு தொடர்புபடுத்தியே எழுதினார். குதிரையேறி வில்லெய்த உண்மையான பெண்களைப் பற்றிய செய்தி, கிரேக்கர் வாயிற்புகுந்து கதையாயிற்று என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கதையில் தோற்ற பெண்களுக்குப் பின்னால், வாழ்க்கையில் தோல்வியே தொழிலாக இல்லாத பெண்கள் இருந்தனர் என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1893இல் பிறந்தவர். ஹார்வர்டில் சட்டமும் உளநூலும் பயின்றவர். ஒருவர் பொய் சொல்லும்போது இரத்த அழுத்தம் மாறுபடுவதைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் சோதனையை வகுத்தவர்களுள் அவரும் ஒருவர். சூப்பர்மேன் முதலிய படக்கதைகள் இலட்சக்கணக்கில் விற்பனையாகிக் கொண்டிருந்த காலம் அது. அவற்றில் வன்மை மிகுந்து அன்பு குன்றியிருப்பதை மார்ஸ்டன் குறையாகக் கண்டார். பெண்ணின் அன்பும் ஆணின் ஆற்றலும் ஒருங்கே அமைந்த ஒரு வீராங்கனையைப் படைக்க முற்பட்டார். அவர் எழுத, ஹாரி பீட்டர் என்னும் ஓவியர் படம் வரைந்தார். 1941ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ எட்டாம் இதழில் வொண்டர் வுமன் முதன்முதலாகத் தோன்றினாள். அந்த முதற் கதையிலேயே அவள் தாய் ஹிப்பாலிட்டாவும் தோன்றினாள்.

மார்ஸ்டன் செய்த புதுமை யாது? அவர் கிரேக்கக் கதையைத் தூக்கி எறியவில்லை. அதே கச்சை, அதே ஹெர்க்குலிஸ், அதே தோல்வி. ஆனால் கதையைச் சொல்லும் இடத்தை மாற்றினார். கப்பலில் நின்று பார்த்த கதையைக் கரையில் நின்று பார்க்கச் செய்தார். 1942இல் வெளிவந்த வொண்டர் வுமன் முதல் இதழில் அக்கதை விரிவாக வருகின்றது. அப்ரோடைட் தேவி அமேசான்களைப் படைத்து, அவர்கள் அரசிக்கு வெல்லமுடியாத ஆற்றல் தரும் கச்சையை அளித்தாள். ஹெர்க்குலிஸ் ஹிப்பாலிட்டாவோடு நேர்நின்று பொருது தோற்றான். தோற்றவன் நட்புப் பேசி, காதல் காட்டி, கச்சையை வஞ்சித்துப் பெற்றான். ஆற்றல் இழந்த அமேசான்கள் விலங்கிடப்பட்டு அடிமைகளாயினர். ஹிப்பாலிட்டா தேவியை வேண்டினாள். தேவி மன்னித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை விதித்தாள். ஆடவர் பூட்டிய விலங்கின் நினைவாக, அமேசான்கள் இரு கைகளிலும் என்றென்றும் வளை அணிந்திருக்க வேண்டும் என்பதே அது. அதன்பின் அவர்கள் விலங்கை உடைத்து, கச்சையை மீட்டு, கடல் கடந்து, ஆடவர் வாராத ஒரு தீவில் குடியேறினர்.

வொண்டர் வுமன் கதையை அரைகுறையாக அறிந்தவர்களுக்கும் அவள் கைவளைகள் நினைவிருக்கும். துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்து வரும்போது கையை வீசி, அவ்வளைகளால் அவற்றைத் தட்டிவிடுவாள். திரையரங்கில் பிள்ளைகள் கைதட்டும் இடம் அது. அவ்வளை எங்கிருந்து வந்தது? தாயின் கையிற் பூட்டிய விலங்கிலிருந்து வந்தது. தாய் அடைந்த தோல்வியின் நினைவே மகளுக்குக் கேடயமாயிற்று. தோல்வியை மறைக்காமல், அதை நாள்தோறும் கண்ணிற்படும்படி கையில் அணிந்து, அடுத்த தலைமுறைக்கு அறிவாகக் கொடுத்தவள் ஹிப்பாலிட்டா. இந்தத் துணைப்பாத்திரம் இல்லாவிடில் அத்தலைவியின் கையில் உள்ளது வெறும் அணிகலனே.

மகள் பிறந்த வரலாறும் கருதத் தக்கது. தீவில் வாழும் ஹிப்பாலிட்டாவுக்குக் குழந்தை வேண்டும் என்ற ஏக்கம் உண்டாகின்றது. அறிவுத் தெய்வமாகிய அதீனா மண்ணை உருவாக்கும் கலையை அவளுக்குக் கற்பிக்கின்றாள். அரசி தன் கையால் களிமண்ணைப் பிசைந்து ஒரு குழந்தையின் உருவம் செய்கின்றாள். அவ்வுருவத்தின்மேல் அவள் கொண்ட அன்பைக் கண்டு அப்ரோடைட் அதற்கு உயிர் அளிக்கின்றாள். கிரேக்கக் கதைகளில் சிலைக்குக் காதல் கொண்ட பிக்மேலியன் என்னும் சிற்பி உண்டு. அவன் விரும்பியது மனைவியை. ஹிப்பாலிட்டா விரும்பியது மகளை. பழங்கதையில் எல்லாவற்றையும் பறிகொடுத்த கைகள், புதுக்கதையில் ஓர் உயிரை வனைந்தெடுத்தன.

பின்னர் அந்தத் தாய்க்கு ஒரு சோதனை வருகின்றது. ஸ்டீவ் டிரெவர் என்னும் அமெரிக்கப் படை அதிகாரியின் விமானம் தீவில் விழுகின்றது. அவனைத் தாய்நாட்டில் சேர்த்து, உலகப் போரில் கொடுமையை எதிர்த்து நிற்க, அமேசான்களுள் சிறந்தவள் ஒருத்தி செல்லவேண்டும் என்று தெய்வங்கள் ஆணையிடுகின்றன. தீவை விட்டு நீங்குபவள் அழியா வாழ்வைத் துறக்கவேண்டும். அரசி போட்டி நடத்துகின்றாள்; தன் மகள் மட்டும் அதிற் கலந்துகொள்ளலாகாது என்று தடுக்கின்றாள். டயானா முகமூடி அணிந்து கலந்து வெற்றி பெறுகின்றாள். முகமூடி விலகுகின்றது. அப்போது அரசி என்ன செய்யக்கூடும்? ஆணையைக் காட்டி மகளை விலக்கியிருக்கலாம். அவள் அவ்வாறு செய்யவில்லை. போட்டியில் வென்றவள் செல்லவேண்டும் என்று தானே கூறிய சொல்லைத் தன் மகளுக்கும் பொருத்தி, அவளுக்கு உரிய உடையைத் தன் கையாலேயே அளித்து வழியனுப்புகின்றாள்.

ஊரில் பெற்றோரை விட்டுப் பிழைப்பின்பொருட்டு வேற்று மாநிலங்களுக்கு வந்தவர்களாகிய நமக்கு இக்கட்டத்தின் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. போகாதே என்று மனம் சொல்லியும், போய் வா என்று வாய் சொல்வது எத்தகைய வலிமை என்பதை இரயிலடியில் நாம் கண்டிருக்கின்றோம். குண்டைத் தடுக்கும் மகளின் வலிமையைப் படத்தில் வரையலாம். தடுக்கும் உரிமை இருந்தும் தடுக்காத தாயின் வலிமையை வரைவது அரிது. அதனாற்போலும் அவளைத் துணைப்பாத்திரம் என்கின்றோம்.

மார்ஸ்டனின் கதைகளில் குறை இல்லாமலில்லை. பெண்கள் கயிற்றாலும் சங்கிலியாலும் கட்டுண்டு கிடக்கும் படங்கள் அவற்றில் அளவுக்கு மீறி வந்தன. அதற்கு 1940களிலேயே எதிர்ப்பு எழுந்தது. போர்க்காலத்துப் பகைநாட்டு மக்களை இழிவாக வரையும் வழக்கமும் அந்நாளைய படக்கதைகளில் இருந்தது. ஒரு நூலில் நல்லது இருப்பதால் அதில் உள்ள அனைத்தும் நன்று என்று கொள்ளலாகாது. நெல்லையும் பதரையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் படக்கதைக்கும் வேண்டும்.

மார்ஸ்டன் 1947இல் மறைந்தார். அதன்பின் எழுத்தாளர் பலர் கைமாறிக் கதை வளர்ந்தது. அவர்களுள் ஹிப்பாலிட்டாவைக் கருத்தோடு போற்றியவர் ஜார்ஜ் பெரெஸ். 1987இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் கதையைப் புதிதாகத் தொடங்கினர். தீவுக்குத் தெமிஸ்கைரா என்ற பழைய கிரேக்கப் பெயரை மீட்டுக் கொடுத்தனர். வெவ்வேறு காலங்களில் ஆடவரின் கொடுமையால் உயிரிழந்த பெண்களின் ஆவிகளைத் தேவியர் ஒன்று திரட்டி அமேசான்களாகப் பிறப்பித்தனர் என்பது இக்கதையின் அடிப்படை. அவர்களுள் ஹிப்பாலிட்டா முற்பிறப்பில் கருவுற்றிருந்த நிலையில் கொல்லப்பட்டவள். பிறவாது போன அந்தக் குழந்தையின் உயிரே களிமண் உருவில் டயானாவாக வந்தது. ஏக்கத்துக்கும் காரணம் கிடைத்தது. மண்ணுக்கும் வரலாறு கிடைத்தது.

பெரெஸின் கதையில் இன்னொரு கட்டம் உண்டு. தீவின் அடியில் ஹெர்க்குலிஸ் கல்லாக உறைந்து, அதன் பாரத்தைத் தாங்கி நிற்கின்றான். பல நூற்றாண்டுகள் பட்ட துன்பத்தால் அவன் செருக்கு அழிந்துவிட்டது. விடுதலை பெற்றபின் ஹிப்பாலிட்டாவிடம் மன்னிப்பு வேண்டுகின்றான். அவளும் மன்னிக்கின்றாள். ஒலிம்பியாச் சிற்பத்தில் ஓங்கிய கையோடு நின்றவன், இங்கே இரந்து நிற்கின்றான். பழங்கதை அவளுக்கு மறுத்த ஒன்றை இப்புதுக்கதை தந்தது. மன்னிக்கலாமா, மன்னிக்க வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையே அது. கொல்லப்பட்டவளுக்கு அவ்வுரிமை ஒருநாளும் கிடைப்பதில்லை.

அதன்பின் வந்த ஆசிரியர்கள் அவளைப் பலவாறு மாற்றினர். 1997இல் அவளே சிறிது காலம் வொண்டர் வுமன் என்ற பொறுப்பை ஏற்றாள். 2001இல் வெளிவந்த கதையில் உலகைக் காக்கும் போரில் உயிர் நீத்தாள். 2007இல் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டு, அமெரிக்காவின்மீதே படையெடுக்கும் சினம் கொண்ட அரசியாகக் காட்டப்பட்டாள். படக்கதைகளில் இறந்தவர் மீள்வது வியப்பன்று. ஆனால் மீண்டு வருபவர் பழைய பண்போடு வருவதில்லை என்பதை இங்கே காண்கின்றோம்.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் 2011இல் நிகழ்ந்தது. பிரையன் அசரெல்லோ எழுத, கிளிஃப் சியாங் வரைந்த புதிய தொடரில், களிமண் கதை பொய் என்று சொல்லப்பட்டது. டயானாவின் தந்தை ஜீயஸ். ஹீராவின் சினத்துக்கு அஞ்சி, குழந்தையைக் காக்கத் தாய் அப்பொய்யைப் புனைந்தாள் என்று கதை மாறியது. உண்மை வெளிப்பட்டபோது ஹீரா ஹிப்பாலிட்டாவையே அசையாத மண்ணுருவாக்கி விடுகின்றாள். இம்மாற்றத்தைப் பற்றி வாசகரிடையே இரு கட்சிகள் எழுந்தன. கிரேக்கப் புராணங்களின் போக்குக்கு இதுவே பொருந்துவது என்றும், தெய்வத்தின் மகள் என்பதால் டயானாவுக்குப் பெருமை கூடிற்று என்றும் ஒரு சாரார் கூறினர். மறுசாரார் இதனை ஏற்கவில்லை.

நாம் மறுசாராரோடு உடன்படுகின்றோம். ஜீயஸுக்குப் பிறந்தவர் கிரேக்கக் கதைகளில் எத்தனையோ பேர். ஹெர்க்குலிஸும் அவன் மகனே. கச்சையைப் பறித்தவனும் கைவளை அணிந்தவளும் ஒரு தந்தையின் மக்களாகிவிட்டால், மகளின் ஆற்றல் தாயின் கையிலிருந்து வந்தது என்ற கருத்து மெலிந்துவிடுகின்றது. தாய் வனைந்தாள் என்பது போய்த் தாய் மறைத்தாள் என்று ஆகிவிடுகின்றது. 2017இல் பாட்டி ஜென்கின்ஸ் இயக்கிய திரைப்படமும் ஜீயஸைத் தந்தையாகவே கொண்டது. எனினும் கோனி நீல்சன் நடித்த ஹிப்பாலிட்டா, இரவில் கடற்கரைக்கு வந்து மகளைத் தடுக்காமல் விடைகொடுக்கும் காட்சி, பழைய தாயை ஓரளவு நமக்குத் திருப்பித் தந்தது.

அண்மைக் காலத்து முயற்சி ஒன்றையும் சொல்லவேண்டும். கெல்லி சூ டிகோனிக் எழுதிய ‘ஹிஸ்டோரியா’ என்னும் நூல் 2021ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி மூன்று பகுதிகளாக வெளிவந்தது. முதற்பகுதிக்கு ஓவியர் பில் ஹிமேனெஸ். இதில் ஹிப்பாலிட்டா அரசியாகத் தொடங்கவில்லை. பேறுகாலத்தில் உதவும் எளிய பெண்ணாகத் தொடங்குகின்றாள். பிறந்தது பெண் என்பதால் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட குழந்தையை ஆற்றங்கரையில் விட்டுவர அவள் ஏவப்படுகின்றாள். விட்டுவிட்டு வந்தவள், மனம் பொறாது திரும்பி ஓடுகின்றாள். அந்த ஓட்டத்திலிருந்து அமேசான்களின் வரலாற்றோடு அவள் வாழ்க்கை பிணைகின்றது. பிறந்த பெண்குழந்தையைக் கைவிடும் வழக்கம் கிரேக்க உலகில் இருந்தது. அது கிரேக்கரோடு ஒழிந்ததா என்ற கேள்வியைப் படிப்பவர் தம் நெஞ்சிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வாறு பார்க்கும்போது, ஹிப்பாலிட்டாவின் வரலாறு ஒரு பாத்திரத்தின் வரலாறு மட்டுமன்று. கதை சொல்பவர்களின் வரலாறுமாகும். வென்றவனைப் பாடிய காலம் அவளை வீழ்த்தியது. மகளிர் ஆற்றலைப் பேசத் தொடங்கிய காலம் அவளைத் தாயாக்கியது. கொடுமைக்கு உள்ளானவர்களின் குரலைக் கேட்க விரும்பிய காலம் அவளுக்கு மன்னிக்கும் உரிமையைத் தந்தது. ஒவ்வொரு தலைமுறையும் கச்சையை இழந்த அரசியிடம் வந்து தன் கேள்வியைக் கேட்டது. கதை பழையதாயினும், எவர் பக்கம் நின்று சொல்கின்றோம் என்பதே அதன் அறத்தை முடிவு செய்கின்றது.

நம் பிள்ளைகள் இக்கதைகளைப் படிக்கட்டும், படங்களையும் பார்க்கட்டும். தடுப்பதால் பயன் இல்லை. ஆனால் வொண்டர் வுமன் எத்தனை குண்டுகளைத் தடுத்தாள் என்று அவர்கள் கணக்குச் சொல்லும்போது, அவ்வளை எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்போம். அவள் தாயின் கதை தெரியுமா என்று கேட்போம். தெரியாது என்றால், கப்பலில் வந்தவனுக்குக் கச்சையைத் தர இசைந்தும் கொல்லப்பட்ட அரசியின் கதையை நம் மொழியில், நம் வாயால் சொல்வோம். தலைவனை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அருகில் நிற்பவரும் தெரியத் தொடங்கினால், படக்கதை படித்த நேரம் வீண்போன நேரம் ஆகாது.